இதரவும் பொதுவும்

"மேடம், இத எங்க போடறது?"

கேட்டவன் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவன். கையில் இருந்தது அவனே எழுதிய செயலி. மூவர் தேவாரத்தையும் திரையில் காட்டும். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். சில பதிகங்களை ஓதுவார் குரலில் கேட்கலாம். இணையம் தேவையில்லை. ஆறு மாத உழைப்பு.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் 60 கணினிகள். எல்லாவற்றிலும் டெபியன் லினக்ஸ் இயங்குதளம். மாணவர்களுக்கு வேண்டிய மென்பொருள்களைத் தேர்ந்தெடுத்து, கல்லூரிக்குள்ளேயே ஒரு களஞ்சியமாக வைத்திருக்கிறோம். பையன்கள் அதை 'ரெப்போ' என்பார்கள். நான் நூலகர். "அடுக்கி வைக்கிற வேலைதானே, உங்களுக்குத்தான் கை வரும்" என்று சொல்லி முதல்வர் அதை என் தலையில் வைத்தார். அப்போது அதில் 140 மென்பொருள் பொதிகள் இருந்தன. அவற்றில் 38 'இதர' என்ற தலைப்பின் கீழ் கிடந்தன.

"நீ எங்க போடலாம்னு நெனைக்கிற, தம்பி?"

"கல்வில போடலாம். பாட்டு இருக்கறதால இசைல போடலாம். படிக்கிறதுதானேன்னு வாசிப்புலயும் போடலாம். ஆன்மிகம்னு ஒண்ணு நம்ம லிஸ்ட்லயே இல்ல மேடம். பேசாம இதரல போட்ரட்டுமா?"

நாளை சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். பதில் சொல்ல ஒன்றரை மாதம் ஆயிற்று. அந்த ஒன்றரை மாதத்தில் நான் யோசித்ததை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. 22 வருடமாக நூலகத்தில் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் நூலகத்தில் திருமுறைகள் இரண்டு இடத்தில் இருக்கும். ஒரு பதிப்பு 294.5 என்ற எண்ணின் கீழ், இந்து சமய நூல்களோடு. இன்னொரு பதிப்பு 894.811இல், தமிழ் இலக்கியத்தோடு. இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு பீரோக்கள். எனக்கு முன் இருந்த நூலகர்கள் ஆளுக்கொரு முடிவு எடுத்திருக்கிறார்கள். தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் நேரே 894.811க்குப் போவார்கள். ஊரிலிருந்து அனுமதி வாங்கிக்கொண்டு வரும் பெரியவர்கள், "சாமி புஸ்தகம் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டு 294.5க்குப் போவார்கள். ஒருவர் பார்க்கும் பிரதி இருப்பதே மற்றவருக்குத் தெரியாது.

இரண்டையும் ஒரே இடத்துக்கு மாற்றிவிடலாமா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். மாற்றினால் அந்த நூல் இலக்கியமா, சமயமா என்று நான் தீர்ப்புச் சொன்னதாகிவிடும். அந்த அதிகாரம் எனக்கு எங்கிருந்து வந்தது?

இந்த எண்களுக்கு மூலமான பகுப்பு முறையை நூலகர் டூயி 1876இல் வெளியிட்டார். அறிவு முழுவதையும் பத்தாகப் பிரித்து, சமயத்துக்கு 200 முதல் 299 வரை கொடுத்தார். அதில் 220 முதல் 280கள் வரை கிறித்தவத்துக்குப் போய்விட்டது. உலகின் மற்ற சமயங்கள் அத்தனையும் 290களில் நெருக்கியடித்து உட்கார்ந்தன. அவர் யாரையும் இழிவுபடுத்த நினைத்திருக்க மாட்டார். தன் ஊர் நூலகத்தில் எந்த நூல்கள் அதிகம் இருந்தனவோ அவற்றுக்கு அதிக இடம் ஒதுக்கினார். ஆனால் அந்த எண் கடல் கடந்து வந்து, எங்கள் ஊரில் அப்பரையும் சம்பந்தரையும் ஒரு தசமப் புள்ளிக்குப் பின்னால் நிறுத்தியது. அடுக்குபவர் நின்ற இடமும் அடுக்குக்குள் ஏறிக்கொள்கிறது.

மென்பொருள் உலகில் இது எப்படி நடந்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். லினக்ஸ் மேசைக்கணினிகளில் பட்டியை அடுக்குவதற்கு ஃப்ரீடெஸ்க்டாப் என்ற பொதுத் தரநிலை இருக்கிறது. ஒலியும் ஒளியும், உருவாக்கம், கல்வி, விளையாட்டு, வரைகலை, வலை, அலுவலகம், அறிவியல், பயன்பாடு போன்றவை முதன்மை வகைகள். ஆன்மிகம் இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது, துணை வகையாக. அது தனியே நிற்காது. கல்வி, அறிவியல், பயன்பாடு என்று ஏதாவது ஒரு முதன்மை வகையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓதுவது கல்வியா? அறிவியலா? பயன்பாடா? மூன்றுமே ஒருவகையில் பொருந்தும். மூன்றிலும் ஏதோ ஒன்று வெளியே நிற்கிறது.

டெபியனின் களஞ்சியம் மிகப் பெரியது. 2023இல் வந்த 12ஆம் பதிப்பில் 64,419 பொதிகள். அவற்றை ஐம்பதுக்கு மேற்பட்ட பிரிவுகளில் வைத்திருக்கிறார்கள். ஒரு பொதிக்கு ஒரே பிரிவு. பொதியை ஆக்கியவர் ஒரு பிரிவை எழுதித் தருவார். களஞ்சியத்தின் பொறுப்பாளர்கள் தங்கள் பட்டியலில் வேறு பிரிவைக் குறித்திருந்தால் அதுவே செல்லும். அந்தப் பிரிவுகளை வரிசையாகப் பார்த்தால் எனக்குத் திகைப்பாக இருந்தது. மின்னஞ்சல், கணிதம், ஒலி, விளையாட்டு என்றால் பயனை வைத்துப் பிரித்திருக்கிறார்கள் என்று புரிகிறது. பைத்தான், பெர்ல், ஜாவா என்றால் அது எழுதப்பட்ட மொழியை வைத்துப் பிரித்தது. க்னோம், கேடிஇ என்றால் அது எந்த மேசைச்சூழல் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை வைத்து. காய்கறிக் கடையில் ஒரு கூடைக்குப் 'பச்சை' என்றும், அடுத்ததற்கு 'குழம்புக்கு' என்றும், மூன்றாவதற்கு 'திருவையாற்றிலிருந்து வந்தது' என்றும் எழுதி வைத்த மாதிரி. கொத்தவரங்காய் எந்தக் கூடையில்?

எங்கள் களஞ்சியத்தில் இதன் விளைவை நேரில் பார்த்தேன். கணக்கு எழுதும் க்னூகேஷ் என்ற செயலி 'க்னோம்' என்ற தலைப்பின் கீழ் கிடந்தது. வணிகவியல் படிக்கும் மாணவி ஒருத்தி, வீட்டில் அப்பாவின் மளிகைக் கடைக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று தேடியிருக்கிறாள். 'க்னோம்' என்றால் என்ன என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நம்மிடம் அது இல்லை என்று முடிவு செய்துவிட்டாள். அவள் உட்கார்ந்த அதே கணினியில் அது இருந்தது. அடுத்த வருடம்தான் எனக்குத் தெரிய வந்தது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

யூனிக்ஸ் காலத்திலிருந்தே ஃபார்ச்சூன் என்று ஒரு சின்ன நிரல் உண்டு. தட்டினால் ஒரு பொன்மொழி வரும், இன்னொரு முறை தட்டினால் இன்னொன்று. டெபியனில் அது இருப்பது விளையாட்டுப் பிரிவில். அறவுரைக்கு வேறு இடம் இல்லாமல் போயிருக்கிறது.

இந்தச் சிக்கலை டெபியன்காரர்களும் உணர்ந்திருந்தார்கள். என்ரிகோ சினி என்பவர் முன்னின்று டெப்டேக்ஸ் என்று ஒரு ஏற்பாட்டைச் செய்தார். ஒரு பொதியை ஒரு கூடையில் போடுவதற்குப் பதிலாக அதைப் பல பக்கங்களிலிருந்து பார்ப்பது. இது எந்தத் துறைக்கு? எதனோடு வேலை செய்கிறது? எதற்குப் பயன்படுகிறது? எந்தப் பண்பாட்டுக்கு? ஒவ்வொரு கேள்வியும் ஒரு முகம். முகத்தின் பெயர், பிறகு இரட்டை முக்காற்புள்ளி, பிறகு அந்தப் பொதிக்கான குறி. துறை என்ற முகத்தின் கீழ் சமயம் என்ற குறியும் அதில் இருக்கிறது.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று படித்தபோதுதான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த ஏற்பாட்டின் வேர் சீயாழி ராமாமிருத ரங்கநாதனிடம் இருக்கிறது. செய்தவர்களே அதை நன்றியோடு சொல்லியிருக்கிறார்கள். சீயாழி என்பது எங்கள் பக்கத்து ஊரான சீர்காழி. 1892இல் அங்கே பிறந்தவர், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். பயிற்சிக்காக லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். அதே பட்டைகள், அதே திருகாணிகள். ஆனால் ஒருமுறை பாலம் ஆகின்றன, ஒருமுறை பாரந்தூக்கி ஆகின்றன. நூல்களுக்கும் இப்படிச் செய்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. ஆயத்தமான பெட்டிகளுக்குப் பதிலாகத் துண்டுகளைக் கொடுத்துவிட்டு, நூலுக்கு ஏற்றபடி அவற்றை முக்காற்புள்ளியால் கோப்பது. 1933இல் கோலன் பகுப்பு முறை நூலாக வந்தது. நூலகத் துறையில் படித்த எல்லோரும் அதன் ஐந்து அடிப்படைகளைத் தூக்கத்திலும் சொல்வோம்: ஆளுமை, பொருண்மை, ஆற்றல், இடம், காலம். தேர்வுக்காக மனப்பாடம் செய்தது. அதற்கு உயிர் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது இந்தத் தேவாரச் செயலியால்தான்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் இரண்டு தேவாரப் புத்தகங்கள் இருந்தன. ஒன்று தாத்தாவுடையது, மற்றது அப்பாயியுடையது. சின்ன வயதில், ஒரே பாட்டுக்கு எதற்கு இரண்டு புத்தகம் என்று கேட்டிருக்கிறேன். தாத்தாவுடையது பண்முறை. முதல் திருமுறை நட்டபாடையில் தொடங்கும். பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று பார்த்து, வேளைக்குத் தக்கதை எடுத்து ஓதுவார். அப்பாயியுடையது தலமுறை. சிதம்பரத்தில் தொடங்கி ஊர் ஊராகப் போகும். அப்பாயிக்குப் பண் தெரியாது. பஸ்ஸில் இறங்கியதும் மஞ்சள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, அந்த ஊர்ப் பதிகத்தைப் பிரித்துக்கொள்வார். பக்கங்களின் நடுவே ஒவ்வோர் ஊர் விபூதியும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் புத்தகத்தை எங்கே பிரித்தாலும் சாம்பல் வாசனை வரும். வழக்கமாக எண்ணும் 274 தலங்களில் நூற்றுக்குக் குறையாமல் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

தாத்தா புத்தகம் சரியா, அப்பாயி புத்தகம் சரியா என்று யாரும் கேட்டதில்லை. பாட்டு ஒன்றுதான். ஒருவர் காலத்தின் வழியாக அதற்குள் போனார், மற்றவர் இடத்தின் வழியாக. ரங்கநாதன் சொன்ன ஐந்தில் இரண்டு எங்கள் வீட்டு அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன. சீர்காழிக்காரருக்கு இது வீட்டுப் பழக்கமாகவே இருந்திருக்கும் என்று சொல்ல ஆசைதான். சான்றில்லாமல் சொல்லக் கூடாது. ஆனால் அந்த ஊருக்கே பன்னிரண்டு பெயர். பிரமபுரம், வேணுபுரம், புகலி, தோணிபுரம், கழுமலம் என்று சம்பந்தர் பாடிய அத்தனை பெயரும் ஒரே ஊரைத்தான் குறிக்கும். ஒரு பெயர் மற்றொரு பெயரைப் பொய்யாக்குவதில்லை.

தொழில் பார்வையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பண்முறை என்ற பெயர் முழுக்கப் பொருந்தாது. அப்பரின் ஐந்தாம் திருமுறை குறுந்தொகையாகவும், ஆறாம் திருமுறை தாண்டகமாகவும் இருக்கின்றன. அவை யாப்பு வகையால் சேர்ந்தவை, பண்ணால் சேர்ந்தவை இல்லை. தொகுத்தவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? தாண்டகம் முழுவதையும் ஒருசேர ஓதுகிறவர்களுக்கு அதுவே வசதி என்று விட்டிருக்கலாம். விதியை விட ஓதுகிறவர் முக்கியம். டெபியன் பிரிவுகளைப் பார்த்துத் திகைத்த நான், இதை நினைத்த பிறகு அவர்களிடமும் கொஞ்சம் பரிவு கொண்டேன்.

ஆனால் அடிப்படைக் கேள்வி அப்படியே நின்றது. வகை என்பது பொருளில் இருக்கிறதா, நம் மனத்தில் இருக்கிறதா?

பழைய இந்தியத் தத்துவ மரபுகளில் ஒன்றான வைசேடிகத்தைச் சேர்ந்தவர்கள் அது பொருளில்தான் இருக்கிறது என்பார்கள். பசுக்கள் எல்லாவற்றிலும் பசுத்தன்மை என்ற ஒன்று மெய்யாகவே உறைகிறது. அதற்குச் சாமானியம் என்று பெயர். நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது இருக்கும். எதிர்ப்பக்கம் பௌத்தரான திக்நாகர். காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று பௌத்த மரபு சொல்கிறது. அவர் பார்வையில் 'பசு' என்ற சொல் எந்தப் பொதுத்தன்மையையும் சுட்டுவதில்லை. பசு அல்லாதவற்றை விலக்குகிறது, அவ்வளவுதான். இதை அபோகம் என்பார்கள். கல்லூரி நாளில் படித்தபோது, இப்படியும் ஒருவர் வீம்புக்கு வாதாடுவாரா என்று நினைத்தேன்.

களஞ்சியத்தின் ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு விளக்கக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது திக்நாகர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 'கல்வி' என்பதற்கு என்ன எழுதுவது? கற்க உதவும் செயலிகள் என்று எழுதினேன். எந்தச் செயலியில் கற்க முடியாது? அடித்துவிட்டேன். பாடத்தோடு தொடர்புள்ளவை என்று எழுதினேன். வணிகவியலுக்கு விரிதாள் பாடம்தானே? அதையும் அடித்தேன். நான்கு நாள் கழித்து நோட்டில் மிஞ்சியது இதுதான்: அலுவலக ஆவணங்களுக்கானவை இதில் சேரா. நிரல் எழுதுவதற்கானவை சேரா. பொழுதுபோக்கை மட்டுமே நோக்கமாகக் கொண்டவை சேரா. எல்லா வரியும் 'சேரா' என்றே முடிந்தது. கல்வி என்றால் என்ன என்று என்னால் சொல்ல முடியவில்லை. எது அது இல்லை என்று மட்டும் சொல்ல முடிந்தது. ஒன்பது தலைப்புகளுக்கும் இதே கதை.

பசு விஷயத்தில் யார் வென்றார்கள் என்று தீர்மானிக்கும் படிப்பு எனக்கில்லை. செயலி விஷயத்தில் நான் திக்நாகர் கட்சி. ஒரு நிரலுக்குள் 'கல்வித்தன்மை' உறைவதில்லை. அதை அங்கே வைப்பது நான். வைக்கிற காரணமும் ஒன்றே ஒன்றுதான்: தேடி வருகிற ஒருவர் அங்கே வந்து பார்ப்பார் என்று நான் நம்புகிறேன். தலைப்பு என்பது அவருக்கு நான் கொடுத்திருக்கும் வாக்கு. 'கணக்கு' என்று எழுதி வைத்தால், கணக்குக்கு வேண்டியதை இங்கே வைத்திருக்கிறேன், உன்னை அலைய விடமாட்டேன் என்று பொருள். வாசகரின் நேரத்தைக் காப்பதை ரங்கநாதன் நூலக விதிகளில் ஒன்றாகவே வைத்தார். அந்த வணிகவியல் மாணவிக்குக் கொடுத்த வாக்கைத்தான் நாங்கள் காப்பாற்றவில்லை.

வேறு வகையான பிரிவும் உண்டு. அதை இதோடு கலந்துவிடக் கூடாது. டெபியன் தன் களஞ்சியத்தை முதலில் மெயின், கான்ட்ரிப், நான்-ஃப்ரீ என்று பிரிக்கிறது. கட்டற்ற உரிமத்தோடு வந்தவை மெயினில். தானே கட்டற்றதாக இருந்தும் கட்டற்றதல்லாத ஒன்றைச் சார்ந்து நிற்பது கான்ட்ரிப்பில். சேர்க்கையைப் பார்த்து வைத்த இடம் அது. இந்த வேலி தேடுபவரின் வசதிக்காகப் போட்டதில்லை, மனச்சாட்சிக்காகப் போட்டது. 1997இல் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தத்தின் மேல் நிற்கிறது. 2022இல் வன்பொருளுக்கான நிலைப்பொருளை என்ன செய்வது என்று உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். அதற்கென்று நான்காவதாக ஒரு பகுதி வந்தது. நிறுவி வட்டில் அதைச் சேர்த்தார்கள், ஆனால் மெயினுக்குள் விடவில்லை. நெருக்கடிக்கு இடம் கொடுத்தார்கள், பெயரை மாற்றவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. மனச்சாட்சியின் கோடு அசையக் கூடாது. தேடுபவருக்கான கோடு தேடுபவர் மாறும்போதெல்லாம் அசைய வேண்டும்.

சரி, ஆன்மிகத்துக்கு வருகிறேன். கோலன் முறையில் சமயத்துக்கு எழுத்து கியூ. ஆனால் ஆன்ம அனுபவத்துக்கும் மறைஞானத்துக்கும் ரங்கநாதன் வேறு குறி கொடுத்தார். மற்ற வகுப்புகள் பெரும்பாலானவற்றுக்கு ரோமன் எழுத்து கொடுத்தவர், அதற்கு டெல்டா என்ற கிரேக்க எழுத்தைக் கொடுத்தார். அதை வைத்த இடமும் கவனிக்க வேண்டியது. அறிவியல்களும் பயன்கலைகளும் முடிந்து, நுண்கலைகள் தொடங்குவதற்கு முன்னால். சமயம் என்ற நிறுவனத்தை, சடங்கை, வரலாற்றைத் தனியே வைத்தார். அனுபவத்தை அதற்குள் அடைக்கவில்லை. பயனுக்கும் அழகுக்கும் நடுவே நிறுத்தினார். பக்தியுள்ள மனிதர் செய்த காரியமாகவே இதை நான் பார்க்கிறேன். தாத்தா விடியற்காலையில் திண்ணையில் உட்கார்ந்து ஓதுவாரே, அந்த நேரத்துக்கு 294.5 என்று பெயர் வைக்க என் மனம் ஒப்பவில்லை. டெல்டா என்றால் ஒப்பும்.

கடைசியாக 'இதர'. 38 பொதிகள் அதில் இருந்தன என்றேன். அந்தப் பட்டியலை ஆரம்பத்தில் அடுக்கிக் கொடுத்தவர்கள் நேரமில்லாமல் அப்படிச் செய்திருக்கலாம். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் கையேடு, பலசரக்குப் பிரிவில் பொதியைப் போடுவதைக் கூடியமட்டும் தவிர்க்கச் சொல்கிறது. அங்கே போனவை கண்ணில் படாமல் போய்விடும் என்று காரணமும் சொல்கிறது.

கண்ணில் படாமல் போவது மென்பொருளோடு நிற்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு சமயங்களுக்குத்தான் தனி எண். சமணர்கள் சுமார் 44 லட்சம் பேர், அவர்களுக்கு எண் உண்டு. தங்கள் சமயம் சர்னா என்று எழுதிய பழங்குடி மக்கள் 49 லட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்கள் 'இதர சமயங்கள்' என்ற தொகைக்குள் போனார்கள். தனிக் குறியீடு வேண்டும் என்று ஜார்க்கண்ட் சட்டமன்றம் 2020 நவம்பரில் தீர்மானம் போட்டது. சால மரத்தோப்பில் வழிபடுகிற ஒருவர் படிவத்தில் ஒரு கட்டம் கேட்கிறார். வெளியே இருப்பவர்களுக்கு அது ஒரு கட்டம்தானே என்று தோன்றும். 'இதர' என்ற சொல்லின் பொருள், உன்னைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை என்பதுதான். அதை ஒரு மனிதரின் வழிபாட்டின் மேல் எழுதுவது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன்.

எந்தத் தலைப்பிலும் அடங்காதவற்றை என்னதான் செய்வது? விடை அப்பாயி புத்தகத்தில் இருந்தது. சில பதிகங்கள் எந்த ஊருக்கும் உரியவை இல்லை. தலமுறையில் ஊர் ஊராக அடுக்கினால் அவை வெளியே நிற்கும். தொகுத்தவர்கள் அவற்றுக்குக் கொடுத்த தலைப்பு 'பொது'. கோளறு பதிகம் பொது. சம்பந்தரும் அப்பரும் பாடிய நமச்சிவாயப் பதிகங்கள் பொது. தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் ஓதப்படுகிறவற்றில் இவை சேர்த்தி. ஓர் ஊருக்கும் சொந்தமில்லாததை எல்லா ஊருக்கும் சொந்தம் என்று வைத்தார்கள்.

இது தோன்றிய அடுத்த நாளே 'இதர' என்ற தலைப்பை எடுத்துவிட்டேன். 38 பொதிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம், நானும் அந்த மாணவனும். 27 பொதிகளுக்குச் சரியான இடம் ஏற்கெனவே இருந்தது, யாரும் பார்க்கவில்லை. மீதம் பதினொன்று: பிடிஎஃப் திறப்பது, கோப்புகளைச் சுருக்குவது, கணிப்பான், தமிழ்த் தட்டச்சு இப்படி. எல்லாத் துறை மாணவருக்கும் வேண்டியவை. அவற்றுக்குப் 'பொது' என்று தலைப்பிட்டுப் பட்டியலின் முதலில் வைத்தோம்.

தேவாரச் செயலியை 'இசை'யில் வைத்தேன். வீடு ஒன்று வேண்டுமே. இலக்கியம், சமயம், தமிழ், ஓதுதல் என்று குறிகள் சேர்த்தோம். எந்த வழியில் வந்தாலும் கிடைக்கும் என்று நம்பினேன். ஊர்க் கோயில் ஓதுவாரைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம், அவர் குரல்தானே அதில் இருக்கிறது.

"நீங்களே தேடி எடுங்க ஐயா."

ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாக விசைப்பலகையில் தேடித் தட்டினார். 'பதிகம்' என்று தட்டினார். ஒன்றும் வரவில்லை. 'பண்' என்று தட்டினார். அதற்கும் ஒன்றும் வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, "இதுல இல்லையாம்மா?" என்றார்.

ரங்கநாதனின் ஐந்து அடிப்படைகளும் டெல்டாவும் அந்த ஒரு கேள்வியின் முன்னால் நின்றன. குறிகளை எல்லாம் என் சொல்லில் எழுதியிருந்தேன், அவர் சொல்லில் எழுதவில்லை.

லினக்ஸில் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு சிறு விவரக் கோப்பு இருக்கும். பெயர் ஒரு வரி, விளக்கம் ஒரு வரி, வகை ஒரு வரி. அதோடு 'கீவேர்ட்ஸ்' என்று ஒரு வரியும் உண்டு, தேடல் சொற்களுக்காக. அதைத் தமிழிலும் தனியே எழுதலாம். மாணவன் அங்கேயே உட்கார்ந்து, ஓதுவார் சொல்லச் சொல்ல எழுதினான்: பதிகம், பண், ஓதல், திருமுறை, தலம், மூவர், கோளறு, காழி, புகலி. இப்போது இவற்றில் எதைத் தட்டினாலும் அந்தச் செயலி வருகிறது.

மென்பொருள்களைத் தமிழாக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பெயரையும் விளக்கத்தையும் அக்கறையோடு தமிழில் எழுதுகிறீர்கள். நான் திறந்து பார்த்த கோப்புகள் பலவற்றில் தேடல் சொற்களுக்கான தமிழ் வரி காலியாகவே இருந்தது. அதை நிரப்புங்கள். நிரப்புவதற்கு முன், அந்தச் செயலி யாருக்கு வேண்டுமோ அவரை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் என்ன சொல்லைத் தட்டுகிறார் என்று பாருங்கள்.